ஊர் மாறிய கடன்காரன்

1

தமிழில் கடன்காரன் என்ற சொல் கடன் வாங்கியவனையும் குறிக்கும், கொடுத்தவனையும் குறிக்கும். வாசலில் நிற்பவன் எந்தக் கடன்காரன் என்பதைப் பேச்சின் போக்கிலிருந்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் சமீப வருஷங்களில் குவிந்து கிடக்கிற வேற்றுலகக் கதைகளில் சிலவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, இந்தச் சொல்லின் இரட்டைப் பொருள் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

'இஸெகாய்' என்று அவர்கள் சொல்வதற்கு வேறு உலகம் என்றுதான் பொருள். நம் உலகத்து ஆசாமி ஒருவன், பெரும்பாலும் வாழத் தெரியாதவன், லாரியில் அடிபட்டோ யாரோ அழைத்தோ, வாளும் மந்திரமும் செல்லுபடியாகிற ஒரு உலகத்தில் போய் விழுகிறான். அங்கே புதிதாக வாழ ஆரம்பிக்கிறான். இந்த வகையில் வருவதில் பெரும்பகுதி வெறும் பகற்கனவு. அதற்காக இங்கே பக்கங்களைச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குவியலுக்குள்ளேயே வேறு மாதிரியான ஒரு சிறு வரிசை இருக்கிறது. அதில் வரும் நாயகனை நமக்குப் பிடிப்பதில்லை. பிடிக்க வேண்டாம் என்று ஆசிரியரே தீர்மானித்து எழுதியிருக்கிறார். கோழை, பொய்யன், தன்னிரக்கத்தில் ஊறியவன், சில சமயம் குற்றவாளியே கூட. வேற்றுலகத்தில் அவன் மீட்சி அடைவதுதான் கதை.

இந்தக் கதைகளைப் பற்றி நடக்கிற சண்டையில் இரண்டு கட்சிகள் உண்டு. நாயகன் அருவருப்பானவன், ஆகவே நூலும் அருவருப்பானது என்பது ஒரு கட்சி. கடைசியில் திருந்திவிடுகிறானே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் ஒரே தவறைச் செய்வதாக எனக்குப் படுகிறது. இரு தரப்பாரும் நாயகனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கடன் வாங்கியவன் ஊரைவிட்டு ஓடிப்போனான், புது ஊரில் யோக்கியனாக வாழ்கிறான், சரி. பழைய ஊரில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவன் என்ன ஆனான்?

யதார்த்த நாவலில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அங்கே திருந்துகிறவன் அதே தெருவில், அதே ஜனங்களுக்கு நடுவில் திருந்தவேண்டும். ராஸ்கோல்னிகோவ், தான் கொலை செய்த அதே பீட்டர்ஸ்பர்க்கின் மண்ணில்தான் மண்டியிடுகிறான். வேற்றுலகக் கதையோ எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியத்தைக் கொடுக்கிறது. தெருவையே மாற்றிவிடலாம்.

இந்தக் கதைகளில் ஒரு பிரிவுக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர் 'டென்ஸேய்', மறுபிறப்பு. பௌத்தம் தந்த சொல். சொல் இருக்கிறது, பொருள் தலைகீழாகிவிட்டது. பௌத்தத்தின் மறுபிறப்பில் சாதாரண மனிதனுக்கு நினைவு அழிந்துபோகும், வினை பின்தொடரும். இந்தக் கதைகளில் நினைவு கூடவே வருகிறது, வினை லாரிச் சக்கரத்தோடு நின்றுவிடுகிறது. மணிபல்லவத்தில் மணிமேகலைக்குப் பழம்பிறப்பு தெரியவரும்போது, அந்தப் பிறப்பின் கணவனே உதயகுமாரனாக அவளைத் தொடர்ந்துகொண்டிருக்கிறான் என்பதும் சேர்ந்தே தெரியவருகிறது. சாத்தனார் நினைவைக் கொடுத்தபோது கணக்கையும் கூடவே கொடுத்துவிட்டார்.

நினைவை வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் தொலைத்துவிடலாமா? ஜப்பானியர்கள் இந்தப் பிரச்னைக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஆங்கிலத்தில் இரண்டு பேர் இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குவது முறை.

2

ஸி. எஸ். லூயிஸின் நார்னியா நாவல்களில் முதலாவது 1950இல் வந்தது. நான்கு குழந்தைகள் ஒரு அலமாரி வழியாக வேறு உலகத்துக்குள் போகிறார்கள். மூன்றாமவன் எட்மண்ட். தங்கையைப் பொய்க்காரியாக்குகிறவன். ஒரு தின்பண்டத்துக்கும் ராஜாவாக்குகிறேன் என்ற வாக்குறுதிக்கும் ஆசைப்பட்டு உடன்பிறந்தவர்களைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கப் போகிறான். குழந்தைகளுக்கான புத்தகம்தான். ஆனாலும் அவனுடைய பொறாமையை லூயிஸ் சிறிதும் மழுப்பவில்லை.

அவனுடைய மீட்சி எப்படி நடக்கிறது என்பது முக்கியம். துரோகியின் உயிர் தனக்குச் சொந்தம் என்று சூனியக்காரி கேட்கிறாள். அந்த உலகத்தின் ஆதிச் சட்டம் அவளுக்குச் சாதகமாக இருக்கிறது. கடன் இருக்கிறது, பத்திரமும் இருக்கிறது. அஸ்லான் என்ற சிங்கம் அந்தக் கடனைத் தன் உயிரால் தீர்க்கிறது. எட்மண்ட் செலுத்துவதில்லை. அவனால் செலுத்தவும் முடியாது. 1952இல் வந்த மூன்றாவது நாவலில் லூயிஸ் இதை இன்னும் கூர்மையாக்குகிறார். யூஸ்டேஸ் என்ற சிடுசிடுப்பான பையன் பேராசையால் டிராகன் ஆகிவிடுகிறான். தன் தோலைத் தானே உரித்துப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் உள்ளே இன்னொரு தோல். கடைசியில் சிங்கத்தின் நகம்தான் ஆழமாகக் கிழித்து அவனை வெளியே எடுக்கிறது.

லூயிஸ் கிறிஸ்தவர். அருள் என்பது வெளியிலிருந்து வருவது என்று நம்பியவர். அந்த நம்பிக்கை இல்லாதவனுக்கு இது ஏற்புடையதா என்பது தனி விவாதம். இங்கே நான் கவனிப்பது அமைப்பை. எட்மண்ட் யாருக்குத் துரோகம் செய்தானோ அவர்கள் அதே உலகத்தில் அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அஸ்லான் அவனைத் தனியே அழைத்துப் பேசிவிட்டு அவர்களிடம் கொண்டுவந்து விடுகிறது. நடந்ததைப் பற்றி அவனிடம் பேச வேண்டாம் என்று அவர்களிடமும் சொல்கிறது. அவன் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறான். மூன்றாம் மனிதர் கடனைக் கட்டினாலும், கொடுத்தவர்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடாமல் லூயிஸ் கணக்கை முடிக்கவில்லை.

அருளை நம்பாத தலைமுறைக்கு இந்த வழி அடைபட்டுப் போயிற்று. சிங்கம் இல்லாத வேற்றுலகத்தில் துரோகி என்ன செய்வான்?

3

1977இல் அமெரிக்காவில் ஸ்டீஃபன் டொனால்ட்ஸனின் மூன்று நாவல்கள் ஒரே வருஷத்தில் வெளிவந்தன. நாயகன் பெயர் தாமஸ் கவனன்ட். எழுத்தாளன். தொழுநோயாளி. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டு விவாகரத்து வாங்கிவிட்டாள். அவன் ஊருக்குள் வராமலிருக்க வேண்டும் என்பதற்காக அவனுடைய கட்டணங்களைக்கூட ஊர்க்காரர்கள் கட்டிவிடுகிறார்கள். தொலைபேசிக் கட்டணத்தை நானே நேரில் கட்டுவேன் என்று அவன் பிடிவாதமாக நகரத்துக்கு நடந்து போவதில்தான் கதை ஆரம்பிக்கிறது. தன் கடனைத் தானே தீர்க்கும் உரிமையை இழந்த மனிதன்.

இந்த நாவலுக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. டொனால்ட்ஸன் மூன்று வயதிலிருந்து பதினாறு வயதுவரை இந்தியாவில் வளர்ந்தவர். தந்தை தொழுநோயாளிகளிடையே வேலை செய்த எலும்பு அறுவை மருத்துவர். மகன் படித்தது கொடைக்கானலில். தந்தை தொழுநோயைப் பற்றி நிகழ்த்திய ஒரு உரையைக் கேட்டபோதுதான் இந்த நாயகன் தனக்குப் பிடிபட்டான் என்று டொனால்ட்ஸன் சொல்லியிருக்கிறார். தொழுநோயாளியின் விரல்கள் அழுகி உதிர்வதில்லை, உணர்வு போய்விட்டதால் தெரியாமல் படுகிற காயங்களாலேயே கரைந்துபோகின்றன என்பதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட். அவர் அதைக் கண்டது வேலூரில், 1946க்குப் பிறகு. அறுவை சிகிச்சையும் ஆய்வுமாக அந்த வேலை 1955 முதல் கரிகிரியிலும் நடந்தது. 1966இல் அவர் அமெரிக்காவுக்கு, லூயிஸியானாவிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். கவனன்ட் சிகிச்சை பெற்றுத் தன்னைத்தானே கண்காணித்துக்கொள்ளக் கற்பதாக நாவல் சொல்வதும் லூயிஸியானாவில்தான். உணர்வற்ற மனிதன் ஒவ்வொரு நாளும் கைகால்களைக் கண்ணால் சோதித்துக்கொள்ள வேண்டும். காயம் பட்டால் வலி வந்து சொல்லாது. பார்த்தால்தான் உண்டு.

இந்த மருத்துவ உண்மையை டொனால்ட்ஸன் ஒரு தார்மிகப் பிரச்னையாக மாற்றியிருக்கிறார். வேற்றுலகத்தில் போய் விழுந்த கவனன்டை லீனா என்ற பதினாறு வயதுப் பெண் ஒரு மருந்து மண்ணால் குணப்படுத்துகிறாள். செத்துப்போன நரம்புகள் உயிர்பெறுகின்றன. அந்த வேகத்தில் அவன் அவளைப் பலாத்காரம் செய்துவிடுகிறான். நாவல் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே இது நடந்துவிடுகிறது. அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிட்ட வாசகர்கள் அநேகம். அவர்கள் செய்தது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

மூடாமல் படித்தவனுக்குக் கிடைப்பது ஒரு வழக்கு. கவனன்டின் வாதம் சுலபமானது. இந்த உலகம் என் கனவு. மெய்யென்று நம்பினால் என் கைகால்களைச் சோதிக்கும் பழக்கம் போய்விடும், நான் செத்துப்போவேன். ஆகவே நம்பமாட்டேன். தொழுநோயாளிக்கு இது உயிர்காக்கும் விவேகம். குற்றவாளிக்கு இதுவே தப்பிக்கும் வழி. கனவில் செய்ததற்கு யார் பொறுப்பு? ஒரே வாக்கியம் விவேகமாகவும் அயோக்கியத்தனமாகவும் இருக்கிற அந்த இடத்தில்தான் நாவலின் பலம் இருக்கிறது.

டொனால்ட்ஸன் இந்த வாதத்துக்கு எதிர்வாதம் பேசுவதில்லை. காலத்தை விட்டுப் பதில் சொல்ல வைக்கிறார். கவனன்ட் நம் உலகத்துக்குத் திரும்பி மறுபடியும் அங்கே போவதற்குள் இங்கே சில வாரங்கள். அங்கே நாற்பது வருஷங்கள். வட்டி வேறு விகிதத்தில் ஏறியிருக்கிறது. லீனாவுக்குப் பிறந்த எலீனா அந்த நாட்டின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறாள். தகப்பன் மீது அவளுக்கு இருக்கும் பிரியமே சஞ்சலப்படுத்தும்படியானது. அவளும் அழிகிறாள். மூன்றாவது நாவலில் இன்னும் ஏழு வருஷம். லீனா அறுபதைத் தாண்டிய கிழவி. புத்தி பேதலித்து, அவன் வருவான் என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாவலிலேயே அவன் ஒரு தவணை கட்டிப் பார்த்திருக்கிறான். தன் சார்பாக ஆண்டுக்கு ஒருமுறை லீனாவைப் போய்ப் பார்க்கும்படி அந்த நாட்டின் பெருங்குதிரைகளைக் கேட்டுக்கொள்கிறான். அவை தவறாமல் போகின்றன. அவளுடைய காத்திருப்புக்கு அதுவே தீனியாகிவிடுகிறது. தான் நேரில் போகாமல் ஆள் அனுப்பித் தீர்க்கப் பார்த்த கடன் பெருகித்தான் போயிற்று. கடைசியில் லீனா அவனைக் காப்பாற்றி உயிரை விடுகிறாள். அவன் அந்த உலகத்தைக் காப்பாற்றுகிறான். யாரும் அவனை மன்னிக்கும் நிலையில் இல்லை. நம் உலகத்தில், உணர்வற்ற அதே கைகளோடு அவன் கண்விழிக்கிறான்.

இந்த நாவல்கள் மீது எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. லீனாவுக்குப் பேச்சு போதாது. பதினாறு வயதிலும் அறுபத்துமூன்று வயதிலும் அவள் கவனன்டுக்கு முன்னால் பிடிக்கப்பட்ட கண்ணாடியாகவே இருக்கிறாள். நடுவிலிருந்த நாற்பத்தேழு வருஷங்களும் அவளுடையவை. ஆனால் நாம் அவற்றை அவன் திரும்பி வரும் நேரங்களில் மட்டுமே பார்க்கிறோம். பாதிக்கப்பட்டவளின் பைத்தியமே குற்றவாளியின் பாடமாக ஆவது ஒரு வகையில் இரண்டாவது உபயோகம். இப்படிச் சொன்ன பிறகும், அவளை அவர் கதையைவிட்டு வெளியே அனுப்பவில்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். புரட்டுகிற பக்கத்தில் அவள் வந்து நின்றுவிடுவாள் என்ற பயம் வாசகனுக்கு இருந்துகொண்டே இருக்கிறது.

4

ஜப்பானில் இந்த வரிசைக்கு முன்னோடி என்று நான் கருதுவது ஓனோ ஃபுயுமி 1992இல் தொடங்கிய 'பன்னிரு அரசுகள்'. இளம்பெண்களுக்கான மலிவுப் பதிப்பு வரிசையில் வந்தது என்பதால் இதன் கனம் குறைந்துவிடவில்லை.

யோகோ என்ற பள்ளி மாணவி. அவள் யாருக்கும் எந்தக் கொடுமையும் செய்யவில்லை. அப்பாவுக்கு நல்ல பெண், ஆசிரியருக்கு நல்ல மாணவி, வகுப்பில் எல்லோரும் ஒதுக்குகிற ஒருத்தியைத் தானும் ஒதுக்கிவைக்கிற அளவுக்கு எல்லோருக்கும் இணக்கமானவள். தனக்கென்று முகம் இல்லாத இந்த நல்ல பெண்ணை நமக்குப் பிடிக்காமல் போகிறது. ஒருவேளை நம்மை நாமே அடையாளம் காண்பதால் இருக்கலாம்.

வேற்றுலகத்தில் அவள் வேட்டையாடப்படுகிறாள். நம்பியவர்கள் விற்றுவிடப் பார்க்கிறார்கள். அவளிடம் உள்ள வாள் விட்டுவந்த உலகத்தைக் காட்டுகிறது. தன்னைப் பற்றி அங்கே ஒவ்வொருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவள் பார்க்க வேண்டியிருக்கிறது. பதில் சொல்ல முடியாது, பார்க்கத்தான் முடியும். ஓனோ பழைய கணக்கை இப்படித்தான் எல்லை தாண்டிக் கொண்டுவருகிறார். கட்ட வழியில்லாவிட்டாலும் பாக்கி எவ்வளவு என்பது தெரிந்தாக வேண்டும்.

ராகுஷுன் என்ற எலி உருவமுள்ள ஒருவன் அவளைக் காப்பாற்றிச் சோறு போடுகிறான். பிறகு ஒரு ஊரின் வாசலில் அவன் அடிபட்டு விழுந்து கிடக்கும்போது அவள் அவனை விட்டுவிட்டு ஓடுகிறாள். ஓடியபின், அவன் தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடும், திரும்பிப்போய்க் கொன்றுவிட்டால் என்ன என்று நினைக்கிறாள். நாவலின் மையம் இந்த நினைப்பு. கொலை நடக்கவில்லை. ஆனால் அவள் அந்த நினைப்பின் முழு உருவத்தையும் பார்த்துவிடுகிறாள். மற்றவர்கள் என்னை வஞ்சிப்பது நான் வஞ்சிப்பதற்குக் காரணமாக முடியாது என்ற இடத்துக்கு அவள் வந்து சேர்வது அங்கிருந்துதான்.

பின்னால் ராகுஷுனைச் சந்திக்கும்போது அவள் இதை அவனிடம் சொல்லிவிடுகிறாள். அவனுக்குத் தெரியாத கடன் அது. சொல்லாமலே இருந்திருக்கலாம். அவன் பெரிதாக மன்னிப்பு வழங்குவதில்லை. சாதாரணமாக எடுத்துக்கொள்கிறான். டொனால்ட்ஸன் மூன்று நாவல்களில் பெறமுடியாத ஒன்றை ஓனோ ஒரு சிறு உரையாடலில் பெற்றுவிடுவதற்குக் காரணம் எளியது. எதிரே ஆள் இருக்கிறான், அவனுக்கு வாய் இருக்கிறது.

5

2004இல் ஜப்பானில் ஒரு இணையதளம் தொடங்கப்பட்டது. 'ஷோஸெட்ஸுகா நி நரோ' என்று பெயர். 'நாவலாசிரியர் ஆவோம்' என்று பொருள். யாரும் எழுதலாம், பதிப்பாசிரியர் கிடையாது. அங்கே வேற்றுலகக் கதைகள் எந்த அளவுக்குப் பெருகின என்றால், 2016இல் அவற்றுக்கென்று தரவரிசையையே தனியாகப் பிரிக்கவேண்டி வந்தது. 2012 நவம்பரில் ரிஃபுஜின் நா மகோனோடே என்ற புனைபெயர்க்காரர் அந்தத் தளத்தில் 'முஷோகு டென்ஸேய்' என்ற கதையைத் தொடராக எழுத ஆரம்பித்து 2015 ஏப்ரலில் முடித்தார். வேலையற்றவனின் மறுபிறப்பு. அச்சில் இருபத்தாறு தொகுதிகளாக வந்தது.

நாயகனுக்கு முப்பத்துநான்கு வயது. பள்ளியில் அவனை நிர்வாணமாக்கி அவமானப்படுத்தியிருக்கிறார்கள். அன்று அறைக்குள் போனவன் பிறகு வெளியே வரவில்லை. பெற்றோரின் ஈமச்சடங்குக்குக்கூட வரவில்லை. உடன்பிறந்தவர்கள் அடித்து வெளியே தள்ளுகிறார்கள். தெருவில் லாரியின் முன்னாலிருந்து மாணவர்களைக் காப்பாற்றப் போய்ச் சாகிறான். வேறொரு உலகத்தில் குழந்தையாகப் பிறக்கிறான், பழைய நினைவு முழுவதுடனும்.

இவன் ஒரு தனி மனிதனின் கற்பனை மட்டும் அல்ல. 1998இல் ஸைட்டோ டமாகி என்ற மனநல மருத்துவர் எழுதிய புத்தகத்தால் 'ஹிகிகொமோரி' என்ற சொல் ஜப்பானில் வீட்டுக்கு வீடு பரவியது. அறைக்குள் ஒடுங்கியவர்கள். 2019இல் ஜப்பானிய அரசு வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பின் மதிப்பீட்டின்படி நாற்பதிலிருந்து அறுபத்துநான்கு வயதுக்குள் மட்டுமே இப்படி ஒடுங்கியவர்கள் 6,13,000 பேர். வயதான பெற்றோரின் ஓய்வூதியத்தில் காலம் கழிப்பவர்களும் அவர்களில் உண்டு. பெற்றோர் செத்தால் என்ன ஆகும் என்பது அந்த வீடுகளில் பேசப்படாத கேள்வி. நாவல் அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறது.

தமிழ்ச் சொல்லின் இரட்டைப் பொருள் இங்கேதான் உதவுகிறது. இந்த மனிதன் இரண்டு வகையிலும் கடன்காரன். பெற்றோருக்கு அவன் பட்ட கடன் தீரவில்லை. அவனை வதைத்தவர்கள் அவனுக்குப் பட்ட கடனும் தீரவில்லை. லாரி வந்து இரண்டையும் ஒன்றுக்கொன்று நேர் செய்து கணக்கை மூடிவிடுகிறது. இந்த நேர்செய்தல் மோசடி. ஆனால் ஆறுதலான மோசடி. இத்தனை லட்சம் பேர் இதைப் படித்ததன் ரகசியமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

புது உலகத்தில் அவன் செய்வதில் ஒரு பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பத்துநான்கு வயது மனம் சிறுவனின் உடலுக்குள் இருந்துகொண்டு சிறுமிகளிடம் நடந்துகொள்ளும் விதத்தை ஆசிரியர் ஹாஸ்யமாக ஆக்கிவிடுகிறார். படிப்படியாகத் திருந்துகிறான் என்கிறார்கள். படி என்று சொல்லவேண்டுமானால் கீழ்ப்படி எது என்று நாவலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டொனால்ட்ஸன் குற்றத்தைக் குற்றம் என்று எழுதினார். இங்கே பல இடங்களில் பற்றே எழுதப்படவில்லை. பற்று எழுதாத கணக்கில் வரவு வைத்து என்ன பயன்?

ஆனால் இதே நாவலில் இரண்டு இடங்களை நான் மறக்கவில்லை. முதலாவது, பையனுக்கு மந்திரம் கற்பிக்கும் ராக்ஸி அவனைக் குதிரையில் ஏற்றி வீட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோகிற இடம். மந்திரத்தில் பெரியவர்களை மிஞ்சியவன் வாசலைத் தாண்டப் பயந்து நடுங்குகிறான். உலகமே மாறியும் அந்த அறை மாறவில்லை. ராக்ஸிக்கு இது எதுவும் தெரியாது. அவள் பாட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறாள். ஊர் ஜனங்கள் சாதாரணமாகப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். மீட்சி என்ற பெரிய வார்த்தைக்குள் இருக்கவேண்டிய அளவு இதுவே என்று தோன்றியது.

இரண்டாவது, புது உலகத்துத் தகப்பன் பால் சாகிற இடம். நாயகன் இவனை அதுவரை தன்னைவிடச் சின்னவனாக, வயதொத்த ஒரு ஆளாகவே உள்ளூரப் பார்த்துவந்திருக்கிறான். குற்றம் குறையுள்ள தகப்பன், ஆனால் பிள்ளையைப் பிள்ளையாக நடத்தியவன். அவன் செத்த பிறகு, தான் ஒருநாளும் இவனுக்கு மகனாக இருக்கவில்லை என்பது மகனுக்கு உறைக்கிறது. அந்தத் துக்கத்தின் பின்னாலேயே, முதல் உலகத்தில் தான் அழாத அந்தச் சாவும் வந்து சேர்கிறது. அங்கே செத்தவர்களுக்காக இங்கே அழுகிறான். அவர்களுக்கு அது போய்ச் சேராது. நாவலும் சேர்ந்ததாகச் சொல்லவில்லை. நேர் செய்து மூடிய கணக்கு திரும்பத் திறந்துகொள்கிற இடம் அது. அந்த ஒரு இடத்துக்காக நான் இந்த நூலை முற்றாகத் தள்ளத் தயாராக இல்லை.

6

அதே தளத்தில் அதே 2012இல் நாகட்ஸுகி டப்பேய் எழுத ஆரம்பித்த 'ரீ: ஸீரோ' பிரச்னையை மறுபக்கத்திலிருந்து எடுக்கிறது. ஸுபாரு என்ற இளைஞன் செத்தால் காலம் பின்னோக்கிப் போய்விடும். அவன் முந்திய ஒரு புள்ளியிலிருந்து மறுபடியும் தொடங்குவான். நடந்தது அவனுக்கு மட்டுமே நினைவிருக்கும். யாரிடமும் சொல்லவும் முடியாது. பேரேட்டில் ஒரே பிரதி, அதுவும் அவன் கையில்.

எமிலியா என்ற பெண்ணுக்காக அவன் பலமுறை செத்திருக்கிறான். அவளுக்கு அது தெரியாது. தலைநகரத்துச் சபையில் பெரியவர்கள் முன்னால் அவளைத் தர்மசங்கடப்படுத்துகிறான். அடிவாங்குகிறான். பிறகு அவள் வந்து கேட்கும்போது, உனக்காக நான் எவ்வளவு செய்தேன், நீ எனக்குப் பட்டிருக்கும் கடன் தீர்க்க முடியாதது என்ற தொனியில் கத்துகிறான். இதுவரை பார்த்தவர்களெல்லாம் வாங்கிய கடன்காரர்கள். இவன் கொடுத்த கடன்காரனாக வாசலில் வந்து நிற்கிறான். அப்படியானால் முழுவதையும் தீர்த்துவிடுகிறேன், இத்தோடு முடித்துக்கொள்வோம் என்கிறாள் அவள். இந்த வகை எழுத்தில் இதைவிடத் துல்லியமான காட்சியை நான் படிக்கவில்லை. தியாகம் செய்தவன் தியாகத்தையே ரசீதாக நீட்டும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறான் என்பதைப் பார்க்கிறோம். எமிலியா அவனை மறுப்பதால்தான் அவள் கதாபாத்திரமாகிறாள். இல்லையென்றால் பரிசுப் பொருள்.

பின்னால் அவன், ரெம் என்ற இன்னொருத்தியின் முன்னால், தன்மீது தனக்குள்ள வெறுப்பு முழுவதையும் கொட்டி, எங்காவது ஓடிப்போகலாம் என்கிறான். அவள் ஓட மறுக்கிறாள். வேற்றுலகத்திலிருந்து இன்னொரு வேற்றுலகத்துக்கு ஓட அவனுக்கு அனுமதி இல்லை. இந்த மறுப்பில் நாகட்ஸுகி தன் இலக்கிய வகையையே கண்டித்துவிடுகிறார்.

எழுபது வருஷத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. லூயிஸிடம் கடன் கொடுத்தவர்கள் சபையில் இருந்தார்கள். டொனால்ட்ஸனிடம் அவள் இருந்தாள், பேச முடியாமல். ஓனோவிடம் இருந்தான், பேசினான். மகோனோடே அவர்களை வேறு உலகத்தில் விட்டுவிட்டு, ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்த்தார். நாயகன் எவ்வளவு கெட்டவன் என்பதை வைத்து இந்த நூல்களைத் தரம் பிரிக்க முடியாது. எவ்வளவு திருந்தினான் என்பதை வைத்தும் முடியாது. அவனால் கெட்டவருக்கு நூலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே என் அளவுகோல். பிடிக்காத நாயகனைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் இந்த அளவுகோலையாவது மறுத்து எழுதட்டும்.

வங்கியில் என் மேஜைக்கு எதிரே ஒருமுறை ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். ஒருவருடைய பெயரைச் சொல்லி அவர் கணக்கில் பணம் கட்டவேண்டும் என்றார். பார்த்தேன். அந்த ஆள் இறந்து கணக்கு மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. வாரிசுகள் யாரென்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கைமாற்றாக வாங்கியது, ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, நடுவில் ஊரைவிட்டே போய்விட்டேன் என்றார். மூடிய கணக்கில் வரவு வைக்க வழியில்லை என்று சொன்னேன். கோயில் உண்டியலில் போட்டுவிடலாமே என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"அது சாமிக்குத்தானே தம்பி போகும்" என்றார் பெரியவர்.

பணத்தை மறுபடியும் ஒருமுறை எண்ணிவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.